மன்னிச்சா திரும்பவும் சீட்டில சேர்க்க வேணுமா?

தங்கச்சி, உங்கட கேள்விய ரெண்டு மூண்டு தரம் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் எழுதுறன். மற்ற ஆக்களுக்கும் விளங்க வேணும் எண்டதுக்காக சுருக்கமா சொல்றன். நீங்க வெள்ளவத்தையில ஒரு சீட்டுப் பிடிச்சிருக்கிறீங்க, 20 பேர், மாசம் 25,000. உங்கட ஜெபக்குழுவில 15 வருஷமா கூட இருந்த ஒரு அக்கா மூண்டாம் மாசமே கேட்டு அஞ்சு லட்சத்தையும் எடுத்தவ, மொத்தமா அஞ்சு தவணை கட்டினவ, அதுக்குப் பிறகு ஆளும் இல்லை போனும் இல்லை. மற்ற ஆக்களுக்குக் குறையக்கூடாது எண்டு நீங்க உங்கட சங்கிலிய அடகு வச்சு, மிச்சத்துக்குக் கடன்பட்டு, ஒவ்வொரு மாசமும் அவவின்ர பங்கையும் சேத்துப் போட்டு சீட்ட முடிச்சிட்டீங்க. இப்ப அவ வந்து அழுது மன்னிப்புக் கேட்டு, அடுத்த சீட்டிலயும் ஒரு பேர் போடச் சொல்லிக் கேக்கிறா. ஜெபக்குழுவில இருக்கிற ஆக்கள் "நீங்க மன்னிக்காட்டி ஆண்டவர் உங்களை மன்னிக்க மாட்டார், பழைய மாதிரியே இருங்கோ" எண்டு சொல்லுகினம். மன்னிச்சா திரும்ப நம்பத்தான் வேணுமா, இதை வெளியில சொன்னா அது புறங்கூறுறதா, இதுதான் நீங்க கேட்டது.

முதல் பதில் இப்பவே சொல்லிடுறன், மிச்சத்தை ஆறுதலா வாசியுங்கோ. மன்னிக்கத்தான் வேணும். சீட்டில சேர்க்கத் தேவையில்லை. சேர்க்கிறது பிழை எண்டே நான் சொல்லுவன்.

இதை நான் ஏமாந்த ஆளா நிண்டு சொல்லேல்ல. நான் மற்றப் பக்கத்தில நிண்டவன், அதனாலதான் எழுத வந்தன். எங்கட சேர்ச்சில (எது எண்டு கேக்காதீங்கோ, கோல் றோட்டில இருந்து கடல் பக்கம் நடந்தா வரும்) நான் கன வருஷம் பொருளாளரா இருந்தனான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பின் அறையில இருந்து காணிக்கை எண்ணுவம். 20, 50, 100 எண்டு தாள்களைப் பிரிச்சு அடுக்கி, மடிஞ்ச மூலைகளை நிமிர்த்தி, றப்பர் பாண்ட் போட்டு, சில்லறைய எல்லாம் ஒரு பழைய பால்மா டின்னில கொட்டி, ரெண்டு பேர் எண்ணி ரெண்டு பேரும் கொப்பியில கையெழுத்து வைக்கோணும். ஒழுங்கு அப்பிடித்தான். ஆனா மற்றவர் மழை எண்டா வரமாட்டார், பிறகு வெயில் எண்டாலும் கெதியா வெளிக்கிட்டிடுவார், கடைசியில அடுத்த கிழமை வந்து பழைய பக்கத்திலயும் சேத்து கையெழுத்து மட்டும் வச்சிட்டுப் போறது எண்டு ஆயிட்டுது. "அண்ணன் எண்ணினா பிழைக்காது" எண்டு சொல்லுவார். எனக்கு அது பெரிய பெருமை அப்ப.

ஒரு வியாழக்கிழமை இரவு அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்க்க முன்பணம் கட்ட வேண்டி வந்தது. கூரை திருத்துறதுக்கு எண்டு சேத்த காசு அலுமாரிக்குள்ள இருந்தது, சாவி என்ர பொக்கெட்டில. 40,000 எடுத்தன். பதினோராம் நாள் சம்பளத்தோட சம்பளமா முழுசா வச்சிட்டன். ஒரு சதம் குறையேல்ல, ஒரு ஆளுக்கும் தெரியாது, வருஷக் கடைசியில கணக்குப் பாத்தவர் "நல்ல சுத்தமா இருக்கு" எண்டு எழுதிக் குடுத்தவர். பொதுக்கூட்டத்தில எழும்பி நிண்டு எனக்கு நன்றி சொன்னாங்க, கை தட்டினாங்க. அந்தக் கைதட்டலைத்தான் என்னால தாங்க ஏலாம போனது, காசு எடுத்த இரவு கூட நான் அவ்வளவு வேர்க்கேல்ல.

ஒரு மாசம் இழுத்துப் பறிச்சு கடைசியில எங்கட சேர்ச் ஐயரிட்ட, அதான் போதகரிட்ட, போய்ச் சொன்னன். அவர் அப்ப ரீ ஊத்திக்கொண்டு நிண்டவர். முழுக்கக் கேட்டார், இடையில ஒண்டும் கேக்கேல்ல. எனக்கும் ஒரு கப் ஊத்தி முன்னுக்கு வச்சிட்டு, ஜெபம் பண்ணினார், என்ர கையைப் பிடிச்சு "நான் மன்னிச்சிட்டன், ஆண்டவரும் மன்னிச்சிட்டார்" எண்டார். எனக்கு அழுகை வந்தது. அதே மூச்சில "சாவிய மேசையில வையுங்கோ" எண்டார்.

உண்மையா சொல்றன் தங்கச்சி, எனக்குக் கோவம் வந்தது. மன்னிச்சாச்சு எண்டா பிறகேன் சாவி? நானா வந்து சொன்னனான், ஒரு ஆளும் பிடிக்கேல்ல, காசும் குறையேல்ல. வீட்ட போய் மனுசியிட்ட "ஐயர் என்னை மன்னிக்கேல்ல" எண்டு கூடச் சொன்னன். ஆனா அதுக்குப் பிறகு வந்த ஞாயிறுகளில அவர் என்னை நற்கருணைக்குத் தள்ளி வைக்கேல்ல, வீட்டுக்கு வந்தார், அம்மாவுக்கு ஜெபம் பண்ணினார், என்னோட பழைய மாதிரியே பகிடி விட்டார். சாவிய மட்டும் தரேல்ல. 14 மாசம். அந்த 14 மாசத்திலதான் எனக்கு இது ரெண்டும் வேற வேற விசயம் எண்டு விளங்கினது, பைபிள் படிச்சு விளங்கேல்ல.

இனி உங்கட ஜெபக்குழு ஆக்களுக்கு வருவம். "மன்னிக்காட்டி மன்னிக்க மாட்டார்" எண்டது மத்தேயு 6ல இருக்கிறதுதான், அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டன். ஆனா பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை அவையள் வாசிச்சவையோ தெரியாது, 25 வசனம்தான், ரீ குடிச்சு முடியிறதுக்குள்ள வாசிச்சிடலாம். ஒநேசிமு எண்டவன் பிலேமோனின்ர அடிமை, அவனைப் பிரிஞ்சு போனவன், பவுல் சிறையில இருக்கேக்க அவரிட்ட வந்து விசுவாசி ஆகிறான். பவுல் அவனைத் திருப்பி அனுப்பேக்க, அடிமையா இல்லை, சகோதரனா ஏற்றுக்கொள் எண்டு பிலேமோனுக்கு எழுதுறார். அதுக்குப் பிறகு 18ம் 19ம் வசனத்தைப் பாருங்கோ: அவன் உனக்கு ஏதும் அநியாயம் செய்திருந்தா, கடன்பட்டிருந்தா, அதை என்ர கணக்கில வை, நானே திருப்பித் தருவன், இதை நான் என்ர கையாலயே எழுதுறன் எண்டு சொல்றார். மன்னி எண்டு கேக்கிற மனுசன் கடனைத் தன்ர தலையில போடச் சொல்றார். சிறையில இருந்துகொண்டு.

அதால நான் கேக்கிறது இவ்வளவுதான், உங்கட ஜெபக்குழுவில "மன்னியுங்கோ மன்னியுங்கோ" எண்டு சொல்ற ஆக்களில எத்தினை பேர் ஒரு தவணை, ஒரே ஒரு 25,000, "என்ர கணக்கில வையுங்கோ தங்கச்சி" எண்டு சொன்னவை? நீங்க எழுதினதில அப்பிடி ஒரு ஆளையும் நான் காணேல்ல. மற்றவனின்ர காசில மன்னிக்கிறது லேசு. கொஞ்சம் காரமா சொல்லிட்டன், பரவாயில்லை.

சிலர் யூதாஸைக் கொண்டு வருவினம். ஆண்டவர் யூதாஸ் எப்பிடிப்பட்டவன் எண்டு தெரிஞ்சும் பணப்பையை அவனிட்ட விட்டவர்தானே (யோவான் 12:6), கெத்செமனேயிலயும் "சிநேகிதனே" எண்டுதானே கூப்பிட்டவர், நீங்களும் அப்பிடி இருக்க வேண்டாமோ எண்டு. கேட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா அதே யோவான் 2:24ல "இயேசு எல்லாரையும் அறிந்திருந்தபடியால், அவர்களை நம்பி இணங்கவில்லை" எண்டும் இருக்கு, அன்பு கூர்ந்தவர்தான் நம்பி இணங்கவும் இல்லை. அதோட இன்னொண்டு. உங்கட சீட்டு உங்கட காசு இல்லை. அதில 19 பேர் இருக்கினம், ஒருவருக்கு மகளின்ர கலியாணம், இன்னொருவருக்கு கடை முன்பணம், ஆராவது வீட்டு வேலைக்குப் போய்ச் சேத்த காசாவும் இருக்கும். உங்கட சொந்தக் காசை நீங்க தெரிஞ்சு கொண்டு அவவிட்ட இழக்கலாம், அது உங்கட உரிமை, சில நேரம் அது பெரிய அன்பும் கூட. மற்ற 19 பேரின்ர காசை வச்சு உங்கட மன்னிப்பைக் காட்டேலாது.

எனக்கு இந்த விசயத்தில பிடிச்ச ஆள் யோசேப்புத்தான். சொந்த அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு வித்தவை, அவனுக்கு அப்ப 17 வயசு. திரும்ப அண்ணன்மாரைக் காணேக்க 20 வருஷத்துக்கு மேல போயிட்டுது, அவன் எகிப்தில பெரிய அதிகாரி, அவை தானியம் வாங்க வரிசையில நிக்கினம். ஞாயிறு பாடசாலையில சின்னனில படிக்கேக்க "யோசேப்பு மன்னிச்சான்" எண்டு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. நாலு அதிகாரத்தை விட்டிட்டு! ஆதியாகமம் 42ல இருந்து 45 வரைக்கும் அவன் என்ன செய்யிறான் எண்டு பாருங்கோ. தன்னை ஆர் எண்டு சொல்லேல்ல. ஒருத்தனைப் பிடிச்சு வச்சான். கடைசித் தம்பி பென்யமீனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னான். அந்தப் பெடியனின்ர சாக்குக்குள்ள வெள்ளிக் கோப்பையை வைக்கச் சொல்லி அவனைக் கள்ளனாக்கினான். ஏன் இதெல்லாம்? அண்ணன்மார் அண்டைக்கு என்னை விட்டிட்டுப் போன மாதிரி இண்டைக்கு இவனையும் விட்டிட்டுப் போவினமோ எண்டு பாக்கத்தான். அப்ப முன்னுக்கு வந்து "இவனுக்குப் பதிலா நான் அடிமையா இருக்கிறன், இவனை அப்பாவிட்ட அனுப்புங்கோ" எண்டவன் ஆர்? யூதா. 37ம் அதிகாரத்தில "இவனை வித்திடுவம்" எண்டு சொன்னதும் இதே யூதாதான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பு வாய்விட்டு அழுது "நான் யோசேப்பு" எண்டான்.

ஆனா இடையில அவன் அவையளைப் பட்டினி போடேல்ல, அதையும் கவனியுங்கோ. சாக்கு நிறையத் தானியம் குடுத்தான், அவை குடுத்த காசையும் அவைக்குத் தெரியாம சாக்குக்குள்ளயே திருப்பி வச்சான், மறைவில போய் அழுதான். அந்த அக்கா வீட்டில இப்ப அரிசி இல்லையெண்டா நீங்க அரிசி வாங்கிக் குடுங்கோ. பிள்ளைக்குக் கொப்பி புத்தகம் இல்லையெண்டா வாங்கிக் குடுங்கோ. சீட்டுக் கொப்பியில பேர் மட்டும் வேண்டாம்.

அவ அழுதது பொய் எண்டு நான் சொல்ல மாட்டன். ஒருவேளை 2022ல சாமான் விலை எல்லாம் ஏறின நேரம் எங்கட ஆக்கள் எத்தினையோ பேர் விழுந்தமாதிரி அவவும் விழுந்து, வெக்கத்தில போன் எடுக்காம விட்டிருப்பா, ஒரு கிழமை எடுக்காம விட்டா அடுத்த கிழமை எடுக்கிறது இன்னும் கஷ்டம், அப்பிடியே ஒரு வருஷம் போயிருக்கும். எனக்கு அது நல்லா விளங்கும். ஆனா அழுத கையோட அடுத்த சீட்டுக்குப் பேர் போடச் சொன்னது எனக்கு உறுத்துது. என்ர ஐயர் சாவிய வாங்கி வச்சு ரெண்டு மூண்டு மாசம் போக, எனக்கு ஒரு விதத்தில ஆறுதலா இருந்தது, அலுமாரி பக்கம் போகாம இருக்கலாம் எண்டு, வடிவா நித்திரையும் வந்தது. மனம் திரும்பின ஆள் சாவியக் கண்டா கொஞ்சம் பயப்படுவான்.

அவ செய்ய வேண்டியதும் ஒண்டு இருக்கு, அதை நீங்க கேக்கிறது பிழையே இல்லை. லேவியராகமம் 6ல, அயலான் நம்பி வைச்ச பொருளில ஏமாத்தினவன் முதலோட அஞ்சில ஒரு பங்கும் கூட்டி உடையவனிட்டக் குடுக்கோணும், அதுவும் குற்றநிவாரண பலி கொண்டு வாற அதே நாளில. பலி மட்டும் குடுத்திட்டுப் போக விடேல்ல. கணக்குப் போட்டா அவ கட்டாத 15 தவணை 3,75,000, அஞ்சில ஒண்டு 75,000, மொத்தம் நாலரை லட்சம். வரி வசூலிச்ச சகேயு, ஏமாத்தி எடுத்ததை நாலு மடங்கா தாறன் எண்டு இயேசுவிட்டச் சொன்னவன், அதுக்கு நான் போகேல்ல. அந்த 75,000ஐயும் நீங்க விடலாம், உங்கட இஷ்டம், ஆனா அடகு வட்டி நீங்கதான் கட்டினீங்க எண்டதை அவ தெரிஞ்சுகொள்ளத்தான் வேணும்.

வெளியில சொல்றது பற்றி. புறங்கூறித் திரியாதே எண்டது லேவியராகமம் 19:16. அடுத்த வசனமே, உன்ர சகோதரனை மனசுக்குள்ள பகைக்காதே, அவனைக் கண்டிச்சுச் சொல் எண்டு இருக்கு. ரெண்டும் பக்கத்தில பக்கத்திலதான் எழுதியிருக்கு, எங்கட ஆக்கள் முதலாவதை மட்டும் பாடமாக்கி வச்சிருக்கினம். மத்தேயு 18லயும் ஒழுங்கு ஒண்டு இருக்குது: முதல் தனிய, பிறகு ஒண்டு ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பிறகு சபைக்கு. நீங்க தனியப் பேசிட்டீங்க. இனி ரெண்டு பேரை வச்சுக் கதையுங்கோ, உங்கட போதகர் ஒருவர், சீட்டில இருந்த ஆள் ஒருவர், ஒரு தாளில எவ்வளவு, எந்தத் திகதியில இருந்து, மாசம் எவ்வளவு எண்டு எழுதி நாலு பேரும் கையெழுத்து வையுங்கோ. அது பழிவாங்கிறது இல்லை. வேற ஒருத்தி இதே அக்காவை நம்பிச் சீட்டில சேர்க்கப் போறன் எண்டு உங்களிட்ட வந்து கேட்டா நடந்ததைச் சொல்லுங்கோ, கேட்டதுக்கு மட்டும், கூட்டாம. கேக்காத ஆக்களுக்கு வட்ஸ்அப் குரூப்பில வொய்ஸ் போடுறது வேற கதை, அதில இறங்கினா நீங்களும் நானும் ஒண்டுதான்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை நினைச்சுப் பாருங்கோ. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, குண்டு வெடிச்ச நாள். அடுத்த வருஷம் 2020 உயிர்ப்புத் திருநாளில கர்தினால் மல்கம் ரஞ்சித், குண்டு வச்சவையை மன்னிச்சம் எண்டு சொன்னவர். அதே மனுசன்தான் பிறகு வருஷக்கணக்கா விசாரணை வேணும், உண்மை வேணும் எண்டு நிண்டவர், உளவுத் தகவல் முன்னமே வந்தும் கவனிக்காம விட்ட ஆக்கள் பதில் சொல்லோணும் எண்டு. 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்டோணும் எண்டு தீர்ப்புக் குடுத்தது. அண்டைக்கு கோயில்ல ஒரு ஆளும் "மன்னிச்சிட்டம் எண்டு சொன்னீங்களே, பிறகேன் வழக்கு" எண்டு கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. சின்னக் காசு விசயத்தில, அதுவும் ஏமாந்தது ஒரு பொம்பிளை எண்டாத்தான் உடன இந்தக் கேள்வி வருது.

கடைசியா நீங்க ஒரு வரி எழுதியிருந்தீங்க, "நான் சங்கிலிய அடகு வச்சது முட்டாள்தனம் எண்டு இவர் சொல்றார், அது சரியோ" எண்டு. உங்கட மனுசன் கோவத்தில சொல்லியிருப்பார், வீட்டுச் செலவு அவருக்குத்தானே தெரியும். ஆனா சங்கீதம் 15ஐ ஒருக்கா எடுத்து ரெண்டு பேரும் சேந்து வாசியுங்கோ. ஆண்டவரின்ர கூடாரத்தில தங்குறவன் ஆர் எண்டு கேட்டு ஒரு பட்டியல் வரும், அதில "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" எண்டு ஒரு வரி. 19 பேருக்கு நீங்க வாக்குக் குடுத்தீங்க, ஒருத்தி விட்டிட்டுப் போயும் மற்ற ஆக்களுக்குத் திகதி பிந்தாம குடுத்து முடிச்சீங்க. அவவை நம்பினது பிழைச்சுப் போச்சு, ஓம். உங்களை நம்பின ஒரு ஆளுக்கும் பிழைக்கேல்ல. நான் 40,000ஐ முழுசா திருப்பி வச்சும் என்னால சொல்ல ஏலாத ஒரு வசனம் அது.

சாவியின்ர கதையையும் முடிச்சிடுறன், இல்லாட்டி ஆராவது கேப்பீங்க. 14 மாசம் கழிச்சு ஐயர் கூப்பிட்டுத் தந்தார். அலுமாரிக்கு அதுக்கிடையில ரெண்டாவது பூட்டு ஒண்டு போட்டிருந்தாங்க, அதின்ர சாவி வேற ஆளிட்ட, ஒரு ஆள் தனியத் திறக்க ஏலாது. எனக்காகப் போட்டதோ எண்டு கேட்டன். "உங்களுக்காக இல்லை, எங்கள் எல்லாருக்காகவும்" எண்டார். பவுலும் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டு போகேக்க, ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது எண்டு சபைகள் தெரிஞ்ச வேற ஆளையும் கூடவே அனுப்பினவர் (2 கொரிந்தியர் 8), தன்னைத் தானே நம்பச் சொல்லி நிக்கேல்ல. நீங்களும் அடுத்த சீட்டுக்கு ரெண்டாவது ஆளொண்டை வச்சுக்கொள்ளுங்கோ, கொப்பிய ரெண்டு பேரும் எழுதுங்கோ, முதல் மாசங்களில எடுக்கிற ஆளுக்கு ஒரு பிணை ஆளைக் கேளுங்கோ, அது ஆரா இருந்தாலும், போதகர் வீட்டு ஆளா இருந்தாலும்.

அதோட அந்த அடகுத் துண்டை எடுத்துத் திகதியப் பாருங்கோ. நாள் பிந்தினா ஏலத்துக்குப் போட்டிடுவாங்க, அதுக்கு முதல் போய் வட்டியையாவது கட்டிப் புதுப்பிச்சு வையுங்கோ. அக்கா தாற முதல் காசை வேற ஒண்டுக்கும் எடுக்காம அந்தச் சங்கிலிக்கே கட்டுங்கோ, முடிஞ்சா அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.